முத்திரை விழாத பாட்டில்

"பெல்ட்டை நிறுத்துங்க. எல்லாரும் கையை எடுங்க."

விசில் சொன்னதை முதலில் யாரும் நம்பவில்லை. பெல்ட் நிற்கக் கூடாது என்று நாள் முழுக்க விசிலடித்துக்கொண்டே திரிவதால்தான் அந்த மனிதருக்கு அந்தப் பெயரே வந்தது. சூப்பர்வைசர் என்பது அவருடைய சட்டைப்பை அட்டையில் மட்டும்தான் இருந்தது.

"என்ன சார், கரண்ட் போச்சா?" என்று கேட்டாள் மூடிக்காரி. பாட்டில்களுக்கு மூடி போட்டுத் திருகுகிற இடம் அவளுடையது.

"கரண்ட் எல்லாம் இருக்கு. சரக்குதான் சரியில்லையாம்."

"எந்தச் சரக்கு?"

"நாம ஊத்தற சரக்குதாம்மா. மயிலிழை ஷாம்பு. கடையில இருக்கறது, வீட்டுல இருக்கறது, எல்லாத்தையும் திரும்ப வாங்கச் சொல்லிட்டாங்க."

பெல்ட் நின்றது. அந்த அறையில் இத்தனை வருஷமாக யாரும் கேட்டிராத சத்தங்களெல்லாம் அப்போதுதான் காதில் விழுந்தன. குழாய் மூக்கிலிருந்து ஷாம்பு தட்டில் சொட்டியது. எங்கோ ஒரு மின்விசிறி கிறீச்சிட்டது.

விசில் சொல்லிக்கொண்டு போனார். "கெட்டுப்போகாம இருக்க ஒரு மருந்து கலப்பாங்கல்ல, அதைப் புதுசா வேற இடத்துல வாங்கினாங்க. அது அளவுக்கு மேல போயிடுச்சு. தலைத் தோல் எரியுதாம், கொப்பளிக்குதாம், முடி கொத்துக் கொத்தா வருதாம். லேப்ல பாத்துட்டாங்க, நிஜம்தான்."

"நானும் அதைத்தானே போடறேன். எனக்கு ஒண்ணும் கொட்டலையே," என்றாள் மூடிக்காரி.

"உனக்குக் கொட்டறதுக்கு மிச்சம் இருந்தாத்தானே," என்றது பெல்ட்டின் அந்தப் பக்கத்திலிருந்து ஒரு குரல்.

எல்லோரும் சிரித்தார்கள். லேபிளக்கா மட்டும் சிரிக்கவில்லை. பாட்டிலைத் திருப்பி, லேபிளை வைத்து, கட்டைவிரலால் நீவி விடுவது அவள் வேலை. கையில் பாதி நீவிய லேபிளோடு ஒரு பாட்டிலை இன்னும் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"பயப்பட ஒண்ணுமில்ல," என்றார் விசில். "பாட்டில் அடியில நம்பர் முத்திரை இருக்கும். எந்த நம்பர் ஆகாதுன்னு டிவியில சொல்லிட்டாங்க. அந்த நம்பரா இருந்தா திருப்பிக் குடுத்துடணும். இல்லேன்னா போட்டுக்கலாம்."

"முத்திரையே விழாத பாட்டிலா இருந்தா சார்?" என்று கேட்டாள் லேபிளக்கா.

விசில் அவளைப் பார்த்தார். பிறகு கூரையைப் பார்த்தார். "முத்திரை விழாம எந்தப் பாட்டிலும் வெளிய போகாது."

"ஆமா சார், போகாது," என்றாள் லேபிளக்கா. இரண்டு பேருக்கும் விஷயம் தெரியும்.

அந்தப் பெல்ட்டின் வரிசை இதுதான்: ஊற்றுவது, மூடுவது, லேபிள் ஒட்டுவது, முத்திரை அடிப்பது, பெட்டியில் அடுக்குவது. லேபிள் கோணலாகப் போனால் அந்தப் பாட்டிலை முத்திரைக்கு விடாமல் எடுத்து ஒரு கூடையில் போட்டுவிட வேண்டும். சாயங்காலம் அந்த லேபிளை உரித்துப் புதிதாக ஒட்ட வேண்டும் என்பது சட்டம். உரித்தால் கிழியும், கிழிந்தால் பசை நிற்கும், பசையைச் சுரண்டினால் பாட்டில் கீறும். அதனால் வாரக் கடைசியில் விசில் கூரையைப் பார்த்துக்கொண்டு நிற்பார். பெண்கள் கூடையைக் காலி செய்துகொண்டு வீட்டுக்குப் போவார்கள். அதை யாரும் திருட்டு என்று சொன்னதில்லை. கோணல் கூடை என்றுதான் சொன்னார்கள். அக்கா தங்கை, நாத்தனார், பக்கத்து வீடு என்று எங்கெங்கோ போய்ச் சேர்ந்தன அந்தப் பாட்டில்கள். ஒன்றின் அடியிலும் நம்பர் கிடையாது.

லேபிளக்காவின் பாட்டில் மட்டும் தூரம் போகும். மாதம் தவறாமல் கூரியரில் மகளுக்குப் போகும். பார்சல் அனுப்ப வேண்டிய வாரத்தில் கூடை காலியாக இருந்துவிட்டால், அவள் கட்டைவிரல் தானாகவே கொஞ்சம் சாயும். ஒரு லேபிள் கோணலாகிவிடும்.

மூடிக்காரி அவள் முகத்தைப் பார்த்துவிட்டு அருகில் வந்தாள். "பொண்ணுக்கு அனுப்பினதை நினைக்கறியா?"

"வேற எதை நினைப்பேன்?"

"போன் போடேன்."

"அது அடிச்சாத்தானே."

அடிக்காது. லேபிளக்காவின் எண்ணிலிருந்து கூப்பிட்டால் பாதி மணியோடு செத்துப்போகும். மகள் அந்த எண்ணை பிளாக் பண்ணி வைத்திருந்தாள்.

அது மகளின் அப்பா செத்த வருஷம். காரியமெல்லாம் முடிந்து சில நாள் தங்கியிருந்த மகள், காய் நறுக்கும்போது அம்மாவின் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள்.

"என்னம்மா கை இப்படி உரியுது?"

"சோப்புத் தண்ணியில கிடக்கற கை உரியாம என்ன செய்யும்?"

"சோப்புத் தண்ணி இல்லம்மா, மருந்து. என்ன கலக்கறாங்கன்னு உனக்குத் தெரியுமா? வேலையை விட்டுட்டு என்னோட வந்துடு."

"வந்து? உன் வீட்டு ஜன்னல்ல உக்காந்து ரோட்டை வேடிக்கை பாக்கவா?"

"பாரேன். என்ன குறைஞ்சுடும்?"

"நீ படிச்சது அந்த நுரையிலதான்டி. உன் காலேஜு, உன் கல்யாணம், நீ கால்ல மாட்டியிருக்கற செருப்பு, எல்லாம் அந்த நுரை. அதைக் குறை சொல்ல உனக்கு எங்கிருந்து வாய் வந்துச்சு?"

அதோடு நின்றிருக்கலாம். நிற்கவில்லை. "அப்பா படுத்துக் கிடந்தப்போ எட்டிப் பாக்காதவ, இப்ப என் கையைப் பாக்க வந்துட்டா."

மகளுக்கு லீவு கிடைக்கவில்லை என்பதும், கிடைத்த அன்றே ஓடி வந்தாள் என்பதும் லேபிளக்காவுக்குத் தெரியும். தெரிந்தேதான் வாயிலிருந்து விழுந்தது. மகள் கத்தியைக் கீழே வைத்தாள். பையை எடுத்துக்கொண்டு வாசலில் நின்று, "இனிமே எனக்கு போன் பண்ணாதே. உன் கம்பெனிக்கே பண்ணிக்கோ," என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அதற்குப் பிறகு பேச்சு என்று இருந்தது இந்தப் பார்சல் ஒன்றுதான். அனுப்பினால் மகள் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டாள். ஒருமுறைகூடத் திரும்பி வரவில்லை. திரும்பி வராததையே பதிலாக வைத்துக்கொண்டு லேபிளக்கா மாதங்களை ஓட்டினாள்.

"நான் வேணா என் போன்ல இருந்து பேசறேன்," என்றாள் மூடிக்காரி.

"நீ பேசினதுதான் போன தடவை நல்லா வேலை செஞ்சுதே."

மூடிக்காரி வாயை மூடிக்கொண்டாள். அம்மாவுக்கு உடம்பு முடியவில்லை, ஆஸ்பத்திரியில் கிடக்கிறாள் என்று ஒருமுறை அவளே பொய் சொல்லி மகளைப் பேச வைக்கப் பார்த்தாள். மகள் ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டு விசாரித்து, அது பொய் என்று கண்டுபிடித்துவிட்டாள். இனி அந்தப் பக்கத்திலிருந்து யார் எதைச் சொன்னாலும் அவள் காதில் ஏறாது. ஷாம்புவைப் போடாதே என்றால், இது புது நாடகம் என்பாள். டிவியைப் பார்த்துவிட்டுப் பாட்டில் அடியைத் திருப்பிப் பார்ப்பாள். நம்பர் இருக்காது. சரி, நம்முடையதில் ஒன்றுமில்லை என்று மறுபடியும் தேய்த்துக்கொள்வாள்.

லேபிளக்கா கையிலிருந்த பாட்டிலைக் கீழே வைத்தாள். "கம்பெனி சொன்னா கேப்பா," என்றாள்.

மாடியில் போன் மேடத்தின் அறையில் ஜன்னலெல்லாம் சாத்தியிருந்தது. வாடிக்கையாளர் புகார்களைக் கேட்கிற வேலை அந்த அம்மாளுக்கு. இன்று காலையிலிருந்து அவளே ஒவ்வொருவராகக் கூப்பிட்டுச் சொல்லிக்கொண்டிருந்தாள். தொண்டை கட்டிப் போயிருந்தது. மேசையில் ஒரு பிளாஸ்க் வெந்நீர்.

"மேடம், ஒரு போன் போடணும்."

"நான் வேற என்ன செஞ்சுட்டு இருக்கேன்? பேரு லிஸ்ட்ல இருக்கா?"

"இல்ல."

"எந்தக் கடையில வாங்கினாங்க?"

"கடையில வாங்கல மேடம். நான் அனுப்பினது. அடியில முத்திரை கிடையாது."

போன் மேடம் வெந்நீர்க் கோப்பையை வாயருகே கொண்டுபோனவள் அப்படியே நிறுத்தினாள். லேபிளக்கா நின்றபடியே கூடையைப் பற்றி ஒன்று விடாமல் சொல்லி முடித்தாள்.

"இது உங்க ஒருத்தரோட கதை இல்லையே அக்கா. கீழ இருக்கற எல்லாரோடதும்ல."

"ஆமா."

"நான் மேல சொல்லித்தான் ஆகணும். கூடை போயிடும். யார் தலை உருளும்னு எனக்குத் தெரியாது."

"என் தலை உருண்டா உருளட்டும் மேடம். அவ தலை எரியக் கூடாது. முதல்ல அவளுக்குச் சொல்லிடுங்க, அப்புறம் யார்கிட்ட வேணா சொல்லுங்க."

"உங்க பொண்ணுதானே. நீங்களே பேசினா என்ன?"

"என் குரல் கேட்டா வெச்சிடுவா. வெச்சிட்டா விஷயம் போய்ச் சேராது. கம்பெனின்னு நீங்க சொன்னா, திட்டறதுக்காவது முழுசா கேப்பா."

போன் மேடம் ஒரு நாற்காலியை அவள் பக்கம் தள்ளினாள். "உக்காருங்க. ஸ்பீக்கர்ல போடறேன். ஆனா நீங்க வாயைத் திறக்கக் கூடாது."

"திறக்க மாட்டேன்."

"இருமக்கூடக் கூடாது."

"மூச்சு விடலாமா?"

"மெதுவா விடுங்க. நம்பர் சொல்லுங்க."

லேபிளக்கா எண்ணை மனப்பாடமாகச் சொன்னாள். அது முழுசாக அடித்தது. முழுசாக அடிக்கிற சத்தத்தைக் கேட்டு அவள் நாற்காலி விளிம்புக்கு நகர்ந்தாள்.

"ஹலோ?"

குரல் கொஞ்சம் கனத்திருந்தது. ஜலதோஷமாக இருக்கும், இல்லை தூங்கி எழுந்திருப்பாள். ஜலதோஷமாடி என்று கேட்க வந்த நாக்கை லேபிளக்கா பல்லுக்குள் அடக்கிக்கொண்டாள்.

"வணக்கம் மேடம், மயிலிழை ஷாம்பு கம்பெனியில இருந்து பேசறோம்."

மகள் அவசரமாக, "கம்பெனியில இருந்தா? என்ன ஆச்சு? யாருக்காவது ஏதாவது..."

"யாருக்கும் ஒண்ணும் இல்ல மேடம். ஷாம்புவைப் பத்தித்தான் கூப்பிட்டோம்."

ஒரு நீண்ட மூச்சு வெளியே வந்தது. அந்த மூச்சை லேபிளக்கா இரண்டு கையாலும் வாங்கிக்கொள்வதுபோல மேசைப் பக்கம் குனிந்தாள்.

"ஓ. டிவியில பாத்தேன். நம்பர் பாக்கச் சொன்னாங்க. என் பாட்டில்ல நம்பரே இல்ல. சரி, இது வேற போலன்னு நினைச்சேன்."

"நம்பர் இல்லாததும் ஆகாது மேடம். இனிமே அதைத் தொடாதீங்க. மூடி, ஒரு பையில போட்டுக் கட்டி வைங்க. எங்க ஆளு வந்து வாங்கிப்பாங்க."

"நேத்துகூடப் போட்டேனே."

"எரிச்சல் இருக்கா?"

"இருக்கு. கொஞ்ச நாளாவே இருக்கு. சீப்புல நிறைய முடி வருது."

"டாக்டரைப் பாத்தீங்களா?"

"பாத்தேன். என்ன ஷாம்புன்னு கேட்டாரு. ஏதோ கிடைக்கறதைப் போடறேன்னு சொல்லிட்டேன்."

"பேரைச் சொல்லியிருக்கலாமே மேடம்."

"சொன்னா நிறுத்துன்னு சொல்லுவாரு."

போன் மேடம் இத்தனை அழைப்புகளில் இப்படி ஒரு பதிலைக் கேட்டிருக்க மாட்டாள். "எரியுதுன்னு தெரிஞ்சுமா போட்டீங்க?"

"இது கடையில வாங்கினதில்லங்க. மாசா மாசம் வீட்டுக்கு வரும். லேபிள் கோணலா இருக்கும். ஒட்டறவங்களை எனக்குத் தெரியும். சின்ன வயசுல எனக்கு வகிடும் அப்படித்தான் எடுத்து விடுவாங்க, ஒரு பக்கமா சாஞ்சு." குரலில் ஒரு சின்னச் சிரிப்பு வந்து போனது. "ஸ்கூல்ல எல்லாரும் கேலி பண்ணுவாங்க. இந்தப் பாட்டில் வந்தா, சரி, இந்த மாசமும் நல்லாத்தான் இருக்காங்கன்னு... விடுங்க, உங்களுக்கு எதுக்கு இதெல்லாம். நிறுத்திடறேன்."

"ரொம்ப நன்றி மேடம்," என்றாள் போன் மேடம். அவள் விரல் பொத்தானை நோக்கிப் போனது.

வந்த காரியம் முடிந்துவிட்டது. மகள் நிறுத்திவிடுவாள். லேபிளக்கா எழுந்து கீழே போயிருக்கலாம். ஆனால் அந்த விரல் பொத்தானில் விழுந்தால் அந்தக் குரல் போய்விடும். மறுபடி எப்போது வரும் என்று யாருக்குத் தெரியும்? அவள் போன் மேடத்தின் முழங்கையைப் பிடித்துக் காதருகே குசுகுசுத்தாள். "இடது காதுக்குப் பின்னாடி எப்படி இருக்குன்னு கேளுங்க."

போன் மேடம் முறைத்தாள். இருந்தாலும் கேட்டுவிட்டாள். "மேடம், கடைசியா ஒண்ணு. இடது காதுக்குப் பின்னாடி ரொம்ப எரியுதா?"

நடக்கப் பழகும் வயதில் மகள் தடுமாறி, சூடான இஸ்திரிப் பெட்டியின் மேல் விழுந்த இடம் அது. ஒரு விரல் அகலத்துக்கு முடி முளைக்காத மெல்லிய தோல். அம்மாவைத் தவிர யாரும் அதைத் தேடிப் பார்த்ததில்லை.

அந்தப் பக்கம் ஓடிக்கொண்டிருந்த குழாயை மகள் மூடுவது கேட்டது.

"அதைக் கேக்கச் சொன்னது யாரு?"

"எல்லாரையும் கேக்கறதுதான் மேடம்."

"எல்லாருக்கும் இடது காதுக்குப் பின்னாடிதான் எரியுதா?"

போன் மேடம் லேபிளக்காவைப் பார்த்தாள். லேபிளக்கா தலை நிமிரவில்லை.

"பக்கத்துல இருக்காங்களா?"

"...இருக்காங்க."

இப்போது வைத்துவிடுவாள் என்று லேபிளக்கா கண்ணை மூடிக்கொண்டாள். வைக்கவில்லை. கீழே பெல்ட் ஓடவில்லை, கட்டடமே அமைதியாக இருந்தது. ஸ்பீக்கரில் மகளின் மூச்சு தெளிவாகக் கேட்டது.

"கை எப்படி இருக்குன்னு கேளுங்க."

"கை எப்படி இருக்குன்னு கேக்கறாங்க அக்கா."

"நல்லா இருக்குன்னு சொல்லுங்க," என்றாள் லேபிளக்கா, மேசையைப் பார்த்து.

"நல்லா இருக்காம் மேடம்."

"பொய். காட்டச் சொல்லுங்க. நீங்களே பாத்துச் சொல்லுங்க."

லேபிளக்கா கைகளை மேல்கோட்டுக்குள் இழுத்துக்கொண்டாள். "காட்டுங்கக்கா," என்றாள் போன் மேடம். பள்ளிக்கூடத்தில் நகம் பார்க்கும்போது நீட்டுவதுபோல அவள் நீட்டினாள்.

"உரிஞ்சிருக்கு மேடம். விரல் நுனியெல்லாம் வெடிச்சிருக்கு."

"நான் அன்னிக்கே சொன்னேன்."

"அன்னிக்கே சொன்னாங்களாம்."

"சொன்னா. அவ சொன்னது சரிதான்னு சொல்லுங்க. அப்பா விஷயத்துல நான் சொன்னதுதான் தப்பு. தெரிஞ்சேதான் சொன்னேன். அதையும் சொல்லிடுங்க மேடம்."

போன் மேடம் தன் நாற்காலியைப் பின்னால் தள்ளி எழுந்தாள். "அக்கா, பேசிப் பேசி என் தொண்டையே போயிடுச்சு. இது ஸ்பீக்கர். நீங்க சொல்றதெல்லாம் அங்க நேராவே கேக்குது. நடுவுல நான் எதுக்கு?" பிளாஸ்க்கை எடுத்துக்கொண்டு வெந்நீர் பிடிக்கப் போய்விட்டாள்.

பாட்டில்களைத் திருப்பித் திருப்பி லேபிள் ஒட்டும்போதெல்லாம் லேபிளக்கா மகளோடு பேசியிருக்கிறாள். எவ்வளவோ நல்ல நல்ல வார்த்தைகளை அடுக்கி வைத்திருந்தாள். இப்போது ஒன்றும் கைக்கு வரவில்லை.

"அந்த இடத்துல வெறும் தண்ணி மட்டும் விடு," என்றாள். "தேய்க்காதே."

"ம்."

"முரட்டுத் துண்டு வேணாம். மெல்லிசா ஒண்ணை எடுத்து ஒத்திக்கோ."

"ம். நீ கைக்கு என்ன போடற?"

"ஒண்ணும் போடல."

"ஏதாவது போடேன்."

"போடறேன்."

"அந்த டாக்டர்கிட்ட மறுபடி போறேன். பேரைச் சொல்லிடறேன்."

"சொல்லு. முதல் வேலையா சொல்லு."

லேபிளக்கா போன் பக்கம் இன்னும் குனிந்தாள். "இனிமே பார்சல் வராது. அனுப்ப ஒண்ணும் இல்ல."

"தெரியும்."

வா என்று சொல்வாளோ, வருகிறேன் என்று சொல்வாளோ என்று லேபிளக்கா காத்திருந்தாள். தானே கேட்கலாம்தான். கேட்டு இல்லை என்று சொல்லிவிட்டால், கிடைத்த இந்தக் கொஞ்சமும் கெட்டுப்போகும்.

"தலையை அலசணும்," என்றாள் மகள். "இருக்கறதையாவது காப்பாத்திக்கணும்ல. வைக்கறேன்ம்மா."

போன் மேடம் திரும்பி வந்தபோது ஸ்பீக்கர் வெறுமனே இரைந்துகொண்டிருந்தது. "என்ன சொன்னாங்க?"

"வைக்கறேன்ம்மான்னு சொன்னா," என்றாள் லேபிளக்கா.

கீழே வருவதற்குள் சேதி அவளை முந்திக்கொண்டு வந்துவிட்டது. விசிலை மாடிக்குக் கூப்பிட்டிருந்தார்கள். அவர் அவளைக் கடந்து படியேறும்போது கூரையைப் பார்க்கவில்லை, தரையைப் பார்த்துக்கொண்டு போனார்.

"உன் ஒருத்தி பொண்ணுக்காக எங்க எல்லாரோட கூடையையும் கவுத்துட்டியே," என்றாள் மூடிக்காரி.

"உன் தங்கச்சிக்கு எத்தனை பாட்டில் குடுத்த? போய்ப் போன் போடுடி முதல்ல."

மூடிக்காரி போனை எடுத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் போனாள். ஒவ்வொருவராக எல்லோரும் போனை எடுத்தார்கள். அறை முழுக்க, "தொடாதே, தொடாதே, ஊத்தாதே, கட்டி வை," என்று ஒரே பேச்சு. பெல்ட் ஓடும்போதுகூட அப்படி ஒரு இரைச்சல் இருந்ததில்லை.

லேபிளக்கா தன்னுடைய போனை எடுத்தாள். வெடித்த விரல் நுனிக்கு அந்தப் போன் எப்போதும் லேசில் மசியாது. கோட்டில் துடைத்துவிட்டு மறுபடி அழுத்தினாள். காதில் வைத்துக்கொண்டு, பாதி மணியில் அது சாவதற்காகக் காத்திருந்தாள்.

முதல் மணி முழுசாக அடித்தது. அடுத்ததும் அடித்தது. அவள் மெதுவாக, நின்றுபோன பெல்ட்டின் விளிம்பில் உட்கார்ந்தாள். போன் அடித்துக்கொண்டே இருந்தது. ஒரு அறையில், ஏதோ ஒரு மேசை மேலோ கட்டில் மேலோ அது அடிப்பதும், பக்கத்தில் குழாய்த் தண்ணீர் விழுவதும் அவளுக்குக் கண்ணில் தெரிந்தது. கடைசியில் தானாகவே ஓய்ந்தது.

மூடிக்காரி தங்கச்சியோடு பேசி முடித்துவிட்டு வந்து அருகில் நின்றாள். கோபம் பாதி போயிருந்தது. "எடுத்தாளா?"

"எடுக்கல. தலை அலசிட்டு இருப்பா," என்றாள் லேபிளக்கா. போனை இரண்டு கைக்கும் நடுவே வைத்துக்கொண்டாள். "ஆனா கடைசி வரைக்கும் அடிச்சுது."